வினைக்கு அருகில் நிற்பது எது?

ஆங்கிலம் கற்கும் நம்மவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது காலங்களுக்கும் முன்னிடைச்சொற்களுக்கும்தான். 'இன்' வருமா 'ஆன்' வருமா, 'வென்ட்' எங்கே 'கான்' எங்கே என்று பக்கம் பக்கமாகப் பயிற்சி செய்கிறார்கள். ஆனால் மாலை வேளைகளில் கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளையும் வேலை விண்ணப்பங்களையும் திருத்திக் கொடுக்கும்போது நான் வேறொன்றை அடிக்கடி பார்க்கிறேன். காலமும் ஒருமை பன்மையும் சரியாகவே இருக்கும். சொற்களும் நல்ல சொற்களாகவே இருக்கும். ஆனாலும் வாக்கியம் ஒட்டாது. காரணத்தைத் தேடிப் போனால், பழுது வினையடை, அதாவது செயல் எப்படி, எங்கே, எப்போது நடந்தது என்று சொல்லும் சொல், நிற்கும் இடத்தில் இருக்கும். 'ஹி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' என்று எழுதியவருக்கு 'வெல்' என்ற சொல்லும் தெரியும், 'ஸ்பீக்ஸ்' என்ற வினையும் தெரியும். அவை இரண்டும் எப்படிச் சேரும் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பள்ளியில் இதற்கு ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: முதலில் விதம், அடுத்து இடம், கடைசியில் காலம். சூத்திரம் தவறில்லை, ஆனால் அதை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் அதன் காரணத்தைப் பார்ப்பதில்லை. 'நேற்று கோவிலில் அழகாகப் பாடினாள்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது 'ஷி சாங் பியூட்டிஃபுலி அட் த டெம்பிள் எஸ்டர்டே' என்றாகிறது. தமிழில் காலம், இடம், விதம், வினை. ஆங்கிலத்தில் வினை, விதம், இடம், காலம். அப்படியே தலைகீழ். இரண்டிலும் வினையை ஒட்டி நிற்பது விதம், அதற்கு அப்பால் இடம், எல்லாவற்றுக்கும் வெளியே காலம். எதற்கு எது நெருக்கம் என்பதில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. தமிழ் வினையைக் கடைசியில் வைக்கிறது, ஆங்கிலம் முன்னால் வைத்துவிடுகிறது, வேற்றுமை அவ்வளவுதான். 'மேசையின் மேல்' என்று நாம் பின்னால் வைப்பதை 'ஆன் த டேபிள்' என்று அவர்கள் முன்னால் வைப்பதும் இதே தலைகீழ் உறவைச் சேர்ந்தது. 1963இல் ஜோசப் கிரீன்பெர்க் என்ற மொழியியலாளர் 30 மொழிகளை ஒப்பிட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வினை நிற்கும் இடத்துக்கும் இத்தகைய சொற்கள் நிற்கும் இடத்துக்கும் தொடர்பு இருப்பதை எடுத்துக் காட்டினார்.

சூத்திரத்துக்கு ஒரு விலக்கு உண்டு. 'போ', 'வா' போன்ற இயக்க வினைகளில் ஆங்கிலம் இடத்தை முன்னே கொண்டுவந்துவிடும்: 'ஹி வென்ட் ஹோம் க்வயட்லி'. மனப்பாடக்காரர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஆனால் நம் மொழியைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும். 'அமைதியாக வீட்டுக்குப் போனான்' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம், அல்லவா? போகும் இடம் போதல் என்ற வினையோடு பிரியாமல் ஒட்டியது. ஆகவே அது விதத்தையும் தாண்டி வினைக்கு அருகில் வந்து நிற்கிறது. தமிழில் 'வீட்டுக்கு அமைதியாகப் போனான்' என்றும் சொல்லலாம். ஆங்கிலத்துக்கு அந்த அளவுக்குத் தாராளம் இல்லை.

தாராளம் என்றதும் செயப்படுபொருளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'மெதுவாகக் கதவைச் சாத்தினாள்', 'கதவை மெதுவாகச் சாத்தினாள்' இரண்டும் நமக்குச் சரி. ஐ உருபு இருப்பதால் கதவு எங்கே நின்றாலும் அது செயப்படுபொருள்தான். ஆங்கிலத்தில் 'ஷி க்ளோஸ்ட் த டோர் க்வயட்லி' எனலாம், 'ஷி க்வயட்லி க்ளோஸ்ட் த டோர்' எனலாம். 'ஷி க்ளோஸ்ட் க்வயட்லி த டோர்' என்பது மட்டும் கூடாது. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழைய ஆங்கிலம் இடம் தராது. செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் மட்டுமே கொஞ்சம் இளகும்: 'ஷி எக்ஸ்ப்ளெய்ன்ட் கேர்ஃபுலி' என்று சொல்லி நிறுத்தி, அதற்குப் பின் ஒன்றரை வரி நீளமுள்ள பொருளைத் தொடுக்கலாம். 'ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' பிழையாவது இந்தக் காரணத்தால்தான். 'ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' என்பதே முறை.

உருபு இல்லாததால் ஆங்கிலத்தில் இடமே உருபாகிவிட்டது என்று விளக்கிவிட்டு நிறுத்திக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு அதற்கு இடம் கொடுப்பதில்லை. பிரெஞ்சிலும் பெயர்களுக்கு வேற்றுமை உருபு கிடையாது. ஆயினும் 'ழான் ஆம்ப்ராஸ் சூவான் மரீ' என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே 'அடிக்கடி' என்ற சொல்லை வைப்பதுதான் அங்கே முறை. ஆங்கிலத்தில் 'ஜான் ஆஃபன் கிஸ்ஸஸ் மேரி' என்று வினைக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மையமாக வைத்து 1989இல் ழான் ஈவ் பொல்லோக் என்ற மொழியியலாளர் எழுதிய கட்டுரை அத்துறையில் பெரிய விவாதங்களைத் தொடங்கி வைத்தது. வினையடை இரு மொழிகளிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, பிரெஞ்சில் வினை அதைத் தாண்டி முன்னே போய்விடுகிறது, ஆங்கிலத்தில் போவதில்லை என்பது அவர் கூற்றின் சாரம்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் வினை அப்படி முன்னே போனதுண்டு. 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் பழைய ஆங்கிலேயர்கள் 'ஐ நோ நாட்' என்றார்கள்; வினை முன்னே, 'நாட்' பின்னே. ஏறத்தாழ 1500க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த வழக்கம் தேய்ந்து, 'ஐ டு நாட் நோ' என்று 'டு' வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லா வினைகளும் பழைய வழக்கத்தைக் கைவிட்டபோதும் 'ஈஸ்', 'ஆம்', 'ஆர்' ஆகியவையும் 'ஹாஸ்', 'வில்', 'கேன்' போன்ற துணைவினைகளும் மட்டும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இதனால்தான் 'ஹி ஈஸ் ஆல்வேஸ் லேட்' என்று 'ஈஸ்'க்குப் பின்னும், 'ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்' என்று 'கம்ஸ்'க்கு முன்னும் ஒரே சொல் இடம் மாறி நிற்கிறது. மாணவர்களுக்கு இதைக் கற்பிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே வாக்கியத்தை எதிர்மறையாக்கினால் 'நாட்' எங்கே வரும் என்று பாருங்கள். 'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்', 'யூஷுவலி' எல்லாம் இயல்பாகப் போய் அமரும் இடம் அதுவே. 'ஹாஸ் நாட் ஸீன்' என்றால் 'ஹாஸ் நெவர் ஸீன்'. 'டஸ் நாட் கம்' என்றால் 'டஸ்' போன இடத்தில் 'ஆல்வேஸ் கம்ஸ்'. விதிகளின் பட்டியலைவிட இது கைகொடுக்கிறது.

வினையடை இடம் மாறும்போது பொருளும் மாறுகிற வாக்கியங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. 'ஹி ஆன்சர்ட் த கொஸ்டின் ஃபூலிஷ்லி' என்றால் அவர் சொன்ன பதில் முட்டாள்தனமானது. 'ஹி ஃபூலிஷ்லி ஆன்சர்ட் த கொஸ்டின்' என்றால் பதில் சரியாகவே இருந்திருக்கலாம்; பதில் சொல்ல முன்வந்ததே முட்டாள்தனம், பேசாமல் இருந்திருக்க வேண்டும். தமிழில் 'முட்டாள்தனமாகப் பதில் சொன்னார்' என்ற ஒரே தொடர் இரண்டு பொருளையும் சுமக்கிறது. எந்தப் பொருள் என்பதைச் சூழல்தான் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்திலோ வினையை ஒட்டிப் பின்னால் நிற்கும் வினையடை செயலின் தன்மையைச் சொல்கிறது. முன்னால் விலகி நிற்பது அந்தச் செயலைப் பற்றிப் பேசுகிறவரின் மதிப்பீட்டைச் சொல்ல முடிகிறது.

இதைவிட அன்றாடமானது 'ரியலி'. 'ஐ ரியலி டோண்ட் நோ' என்றால் 'சத்தியமாக எனக்குத் தெரியாது'. 'ஐ டோண்ட் ரியலி நோ' என்றால் 'எனக்கு அவ்வளவாகத் தெரியாது'. முதலாவது கதவை அடைக்கிறது. இரண்டாவது கொஞ்சம் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறது. 'டோண்ட்' என்பதற்கு முன் நின்றால் 'ரியலி' மறுப்பை வலுப்படுத்துகிறது, பின் நின்றால் மறுப்பின் பிடிக்குள் போய் வலுவிழக்கிறது. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது மிக அவசியம்.

இனி 'ஒன்லி'. நம் ஊர் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் போல உழைக்கும் சொல் வேறில்லை. 'ஹி கேம் எஸ்டர்டே ஒன்லி', 'ஐ ஆம் ஹியர் ஒன்லி', 'தட் ஒன்லி ஐ ஆம் ஸேயிங்'. எல்லாவற்றிலும் 'ஒன்லி' இருக்க வேண்டிய இடத்தில் நம் 'தான்' இருக்கிறது: நேற்றுத்தான் வந்தான், இங்கேதான் இருக்கிறேன், அதைத்தான் சொல்கிறேன். 'தான்' எந்தச் சொல்லை அழுத்துகிறதோ அதன் பின்னால் ஒட்டும். 'ஒன்லி'யும் அப்படியே பின்னால் ஒட்டப்பட்டுவிடுகிறது. இந்தி பேசுகிறவர்களும் தங்கள் 'ஹீ' என்ற இடைச்சொல்லை வைத்து இதையே செய்வதால் இது இந்திய ஆங்கிலத்தின் பொது அடையாளமாகிவிட்டது. நமக்குள் பேசிக்கொள்ளும்போது இதில் குழப்பமே இல்லை. அதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் வெளியூர் வாசகருக்கு எழுதும் கடிதத்தில் அது ஆபத்தானது.

எப்படி என்று காட்டுகிறேன். 'ரவி ஒன்லி சைன்ட் த லெட்டர்' என்று ஒருவர் எழுதுகிறார். அவர் மனத்தில் இருப்பது 'ரவிதான் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டார்'. பொறுப்பாளி ரவி என்பதைச் சுட்டிக்காட்டுகிறார். இலண்டனில் அதைப் படிப்பவருக்கு விளங்குவது 'ரவி கையெழுத்து மட்டுமே போட்டார், கடிதத்தை எழுதியவர் வேறு யாரோ'. பொறுப்பு ரவியின் மீது வைக்கப்படுவதற்குப் பதிலாக அவரிடமிருந்து இறக்கப்பட்டுவிடுகிறது. ஒரே வாக்கியத்தில் இவ்வளவு பெரிய திருப்பம் நடப்பதற்குக் காரணம், ஆங்கில 'ஒன்லி' நம் 'மட்டும்' என்பதற்கு இணையே தவிரப் பெரும்பாலும் 'தான்' என்பதற்கு இணையன்று என்பதும், நடுவில் நின்றால் அது பின்னால் வரும் பகுதியையே பற்றிக்கொள்ளும் என்பதும்தான். 'ஒன்லி ரவி சைன்ட்' என்று முன்னால் கொண்டுபோனாலும் சரியாகாது. அதற்கு 'ரவி மட்டும்தான் கையெழுத்திட்டார், மற்றவர்கள் போடவில்லை' என்று பொருள். 'ரவிதான்' என்பதை ஆங்கிலம் பேச்சில் 'ரவி' என்ற சொல்லைக் குரலால் அழுத்திச் சொல்லும். எழுத்தில் 'இட் வாஸ் ரவி ஹூ சைன்ட் த லெட்டர்' என்று வாக்கியத்தையே பிளந்து கட்டும். ஓர் இடைச்சொல் நமக்குச் செய்து தரும் வேலைக்கு அவர்கள் முழு வாக்கிய அமைப்பையே செலவிட வேண்டியிருக்கிறது. காலத்தைக் குறிக்கும்போது மட்டும் 'ஒன்லி' நம் 'தான்' பக்கம் வந்து சேர்கிறது: 'ஒன்லி எஸ்டர்டே' என்பது 'நேற்றுத்தான்'. அங்கும் அது முன்னால்தான் நிற்க வேண்டும்.

ஆங்கிலேயர்களுக்குள்ளேயே 'ஒன்லி'யைப் பற்றி நெடுங்காலச் சண்டை உண்டு. 'ஐ ஒன்லி டிரிங்க் காஃபி இன் த மார்னிங்' என்பதைப் 'காலையில் மட்டும்' என்ற பொருளில் சொல்லலாமா, அல்லது 'ஒன்லி'யை 'இன் த மார்னிங்' என்பதற்கு முன்னால்தான் வைக்க வேண்டுமா என்று. 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஹென்றி ஃபௌலர், பொருள் மயக்கம் இல்லாதபோது 'ஒன்லி' வினைக்கு முன்னால் இயல்பாக நிற்பதைக் குறை சொல்லக்கூடாது என்று வாதாடினார். பேச்சுக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நம் மாணவர்களுக்கு எழுத்தில் 'ஒன்லி'யை அது தழுவும் சொல்லுக்கு நேர் முன்னால் வைக்கும்படியே சொல்கிறேன். குரலின் அழுத்தம் காகிதத்தில் கேட்பதில்லை.

'டுடே இட்செல்ஃப்' என்பதும் இதே குடும்பம்: 'இன்றைக்கே' என்பதன் ஏகாரம் அங்கே ஒளிந்திருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'திரும்பி வந்தான்' என்ற நம் இரட்டை வினை இருக்கிறது. 'ரிட்டர்ன்' என்பதற்குள்ளேயே 'பேக்' அடங்கிவிட்டதால் ஆங்கிலத்துக்கு அது மிகை.

இதுவரை சொன்னவற்றைவிட, 'அப்', 'அவுட்', 'டவுன்', 'அவே', 'ஆஃப்' என்ற சிறு வினையடைகள்தான் நம்மவர்களை அதிகம் மிரட்டுகின்றன. 'ஈட்' என்றால் போதாதா, 'ஈட் அப்' எதற்கு என்று கேட்பார்கள். இந்த இடத்தில் தமிழ் அறிந்தவருக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு; பாடநூல்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம். 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டுவிடு' என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். 'ஈட்' என்பது முதலாவது, 'ஈட் அப்' என்பது இரண்டாவது. தட்டில் மிச்சம் வைக்காமல் முடித்துவிடு என்பது பொருள். 'எழுது' என்பது 'ரைட்'. 'எழுதி வை' என்பது 'ரைட் டவுன்', பின்னால் தேவைப்படும் என்ற எண்ணத்தோடு. 'படித்துக் காட்டு' என்பது 'ரீட் அவுட்'. சட்டையைப் 'போட்டுப் பார்' என்பது 'ட்ரை ஆன்'. 'தூக்கிப் போடு' என்பது 'த்ரோ அவே'. நம்முடைய விடு, வை, காட்டு, பார், போடு ஆகிய துணைவினைகள் முதல் வினைக்கு என்ன செய்கின்றனவோ, அதையே இந்தச் சிறு சொற்கள் ஆங்கில வினைக்குச் செய்கின்றன.

பொருள் தேய்ந்த விதமும் ஒன்றுபோலவே இருக்கிறது. 'விழுந்துவிட்டது' என்பதில் யாரும் எதையும் விடவில்லை. 'எழுதி வை' என்று சொல்லும்போது எதையும் எங்கும் வைக்கச் சொல்லவில்லை. அதேபோல் 'ஈட் அப்' என்பதில் எதுவும் மேலே போகவில்லை. ஆனால் இணை எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பிவிடக் கூடாது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவதைக் குறிக்கும் 'லுக் அப்', முயற்சியைக் கைவிடுவதைக் குறிக்கும் 'கிவ் அப்' போன்றவற்றில் அந்தச் சிறு சொல்லைத் தனியே பிரித்துப் பொருள் காண முடியாது. அவற்றைத் தனி வினைகளாகவே கற்க வேண்டும்.

இந்தச் சிறு சொற்களுக்கு ஆங்கிலம் ஒரு சலுகையும் தந்திருக்கிறது. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே 'க்வயட்லி' நுழையக் கூடாது என்றேன். 'ஆன்', 'ஆஃப்' நுழையலாம். 'ஷி புட் ஆன் த கோட்', 'ஷி புட் த கோட் ஆன்' இரண்டும் சரி. ஆனால் செயப்படுபொருள் 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயராக இருந்தால் அது வினையைவிட்டு விலகாது: 'புட் இட் ஆன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'லுக் அட் இட்' என்பதில் அப்படி மாற்ற முடியாது, ஏனென்றால் அங்கே 'அட்' வினையடையன்று, முன்னிடைச்சொல். ஒரு சொல் இரண்டில் எது என்று ஐயம் வந்தால் 'இட்' போட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை.

இயக்க வினைகளில் இவை செய்யும் வேலை இன்னும் அழகானது. 'நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான்' என்கிறோம். வருதல் என்பது முதன்மை வினை, நொண்டுதல் அதற்கு அடை. ஆங்கிலம் 'ஹி லிம்ப்ட் இன்' என்கிறது. நொண்டுதல் முதன்மை வினையாகிவிட்டது, உள்ளே வந்தது 'இன்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டது. லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985இல் உலக மொழிகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்தினார்: போகும் திசையை வினைக்குள் வைக்கும் மொழிகள் ஒருபுறம், திசையை வினைக்குப் பக்கத்தில் வரும் துணைச்சொல்லில் வைக்கும் மொழிகள் மறுபுறம். ஆங்கிலம் இரண்டாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இது விளங்கிவிட்டால் நம் மாணவர்களின் ஆங்கிலத்தில் 'கேம் ஸ்லோலி', 'வென்ட் ஃபாஸ்ட்லி' என்று வரிசை வரிசையாக வரும் தொடர்கள் குறையும். 'ஃபாஸ்ட்லி' என்ற சொல் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை என்பது ஒருபுறம் இருக்க, 'ரஷ்ட்', 'ஸ்ட்ரோல்ட்', 'க்ரெப்ட்' என்று விதத்தையே வினையாக்கும் வழி அந்த மொழியில் திறந்து கிடக்கிறது.

'லி' விகுதி சேர்த்தால் வினையடையாகிவிடும் என்ற நம்பிக்கை 'ஹார்ட்' என்பதிடம் மோசமாக அடிபடும். 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறான். 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்னும் அளவுக்குக் குறைவாகச் செய்கிறான். பரிந்துரைக் கடிதத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்றவை வினையடையாகும்போது ஈற்றில் ஓர் எகர ஒலி பெற்றன; காலப்போக்கில் அந்த ஒலி உதிர்ந்துவிட்டதால் பெயரடையும் வினையடையும் ஒரே வடிவமாகிவிட்டன. 'ஹார்ட்லி' தனி வழியில் நடந்து, 'கடுமையாக' என்ற பழைய பொருளிலிருந்து 'அரிதாக' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது.

கடைசியாக, எந்த வினைக்கு எந்த அடை பொருந்தும் என்பது. இதற்கு விதி கிடையாது, வழக்கு மட்டுமே உண்டு. நம் செய்தித்தாள்களில் மறுப்பு என்றால் 'திட்டவட்டமாக' மறுப்பார்கள், கண்டனம் என்றால் 'வன்மையாக'க் கண்டிப்பார்கள். 'திட்டவட்டமாகக் கண்டிக்கிறோம்' என்று யாரும் அறிக்கை விடுவதில்லை. ஆங்கிலத்திலும் வருந்துவது 'டீப்லி', பரிந்துரைப்பது 'ஸ்ட்ராங்லி' அல்லது 'ஹைலி', மறுப்பது 'ஃப்ளாட்லி', மங்கலாக நினைவிருப்பது 'வேக்லி'. 'ஐ பேட்லி நீட் ஹெல்ப்' என்பதில் 'பேட்லி' மோசம் என்ற பொருளை முற்றிலும் இழந்து 'மிக' என்றாகிவிட்டது. நம் 'மிகவும்' அழகுக்கும் வரும், பிடித்தலுக்கும் வரும். ஆங்கில 'வெரி' வினையோடு நேராகச் சேராது. 'ஐ வெரி லைக்' என்பது பிழையாகி, 'ஐ லைக் இட் வெரி மச்' என்று சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பது அதனால்தான்.

ஆகவே என்னிடம் வரும் மாணவர்களிடம் வினையடைகளைத் தனிப் பட்டியலாக எழுதி வைக்க வேண்டாம் என்கிறேன். குறிப்பேட்டில் ஒரு வினையை எழுதினால், அதன் பக்கத்திலேயே அது விரும்பிச் சேர்க்கும் அடையையும், அந்த அடை முன்னால் நிற்குமா பின்னால் நிற்குமா என்பதையும் ஒரு முழு வாக்கியமாக எழுதச் சொல்கிறேன். 'ரிக்ரெட்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக 'வி டீப்லி ரிக்ரெட் த டிலே'; 'ரெய்ன்' என்பதற்குப் பதிலாக 'இட் ரெய்ன்ட் ஹெவிலி லாஸ்ட் நைட்'. முதல் வாக்கியத்தில் செயப்படுபொருள் இருப்பதால் அடை வினைக்கு முன்னால் போய்விட்டது. இரண்டாவதில் அந்தத் தடை இல்லாததால் வினையை ஒட்டிப் பின்னால் நிற்கிறது, காலம் அதற்கும் அப்பால் கடைசியில் வந்திருக்கிறது.